ஆறு நிமிடம் இருபது விநாடி

சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பொட்டு.

என் மூத்த மகள் நிரோஷினிக்கு அப்போது பதினொரு வயது. குளித்துத் தலை சீவி, நெற்றி நடுவில் சாந்துப்பொட்டு வைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். பூண்டுலோயாக் குளிரில் அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை. தன் அம்மாவின் குரலைக் கேட்பதற்காக அவள் குளித்திருந்தாள்.

அந்தக் குரலை நான் முந்தின நாள் மாலையே வெட்டிவிட்டேன்.

என் குற்றம் இதுதான். ஒரு பிள்ளை தன் தாயிடம் ஒரு கேள்வி கேட்டாள். தாய் ஆறு நிமிடம் இருபது விநாடி பதில் சொன்னாள். அதில் ஒரு நிமிடத்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மீதியை நான் வைத்துக்கொண்டேன். பிள்ளைக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. ஆறு வருடங்களாக அது எனக்கு மட்டுமே தெரியும்.

உங்களிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் என்னை வாசித்திருக்கக்கூடும். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிள்ளை வளர்ப்பைப் பற்றி நான் ஒரு சிறு பத்தி எழுதிவந்தேன். பிள்ளைகளின் பொறாமையைப் பற்றி எழுதியபோது, “எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்” என்று தொடங்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் அளந்து ஒரே அளவு நேரம் கொடுத்ததால் அந்த வீட்டில் சண்டை ஓய்ந்தது என்று எழுதினேன். சிலர் அதை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பதாகக் கடிதம் போட்டார்கள். நீங்களும் அவர்களில் ஒருவராக இருந்தால்… அந்த வீடு என் வீடு. அங்கே என்ன நடந்தது என்பதை நான் முழுவதும் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன்.

நான் பிரதேச நிருபர். தொழிலைக் கொழும்பில் கற்றேன், ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் இரண்டு வருடம். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம், தேர்தல் காலத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது. பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன் அடிமட்டம் வைத்து அளப்போம். ஒரு பக்கத்துச் செய்தி அரை அங்குலம் நீண்டிருந்தால் கடைசிப் பந்தியை வெட்டுவோம். கடைசிப் பந்தியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அளவு சரியாக இருந்தால் நியாயமும் சரி.

பிறகு ஊருக்குத் திரும்பினேன். என் மனைவி செல்வி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நிரோவுக்கு ஒன்பது வயதும் சின்னவள் டிலுக்‌ஷிக்கு மூன்று வயதும் ஆனபோது, அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஏன் போனாள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். அப்போது ஐந்து காம்பராக்களில் தாய் இல்லை.

அவள் வேலை செய்த வீட்டில் வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும் போனைக் கையில் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அதோடு எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. அதனால் அவள் பேசிப் பதிந்து அனுப்புவாள். நிரோவுக்கு ஒன்று, டிலுவுக்கு ஒன்று. வெள்ளி மாலை தலவாக்கலையில் செய்தி அனுப்பப் போகும்போது அவை என் போனில் வந்து விழும். சனிக்கிழமை காலை, தேத்தண்ணி கொதிக்கும்போது, இரண்டு பேரையும் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவேன். பிறகு அவர்கள் பதில் பேசுவார்கள். அதைத் திங்கட்கிழமை டவுனிலிருந்து நான் அனுப்புவேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நேரடியாகப் பேச விடுவார்கள், பிள்ளைகளை டவுனுக்குக் கூட்டிப்போவேன். இரண்டு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் அழுகையிலே போய்விடும்.

ஆக, ஒரு தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்த ஒரே வழி என் சட்டைப்பை.

நிரோவுக்கு வரும் பதிவுகள் நீளமானவை. நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். அம்மா அவளிடம் கேள்வி கேட்பாள், கணக்கு டீச்சரைப் பற்றி விசாரிப்பாள், தலையில் பேன் வந்தால் என்ன செய்வது என்பாள், அரபு வீட்டுக் கிளி பேசுவது போலப் பேசிக் காட்டுவாள். டிலுவுக்கு வருவது நாற்பது விநாடி. “தங்கம், சாப்பிட்டியா? அம்மாவுக்கு ஒரு முத்தம் குடு.” அவ்வளவுதான். மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளையிடம் வேறு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு சத்தம் என்பதற்கு மேல் டிலுவுக்கும் ஒன்றும் தெரியாது.

ஆனால் எந்தச் சத்தம் நீளம், எது குட்டை என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஐந்து வயதில் தொடங்கினாள். நிரோவின் பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கிழித்தாள். அவளுடைய வெள்ளைச் சப்பாத்துக்குள் சாம்பலைக் கொட்டினாள். ஒரு நாள் அக்காவின் தோளைக் கடித்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தனித்தனியாகத் தெரிய அடையாளம் வைத்தாள். ஏன் கடித்தாய் என்று கேட்டேன்.

“அவங்க நிரோவோட அம்மா. எனக்குத்தான் யாரும் இல்ல.”

பக்கத்துக் காம்பரா பரமேஸ்வரி அக்கா என்னை வாசலில் மறித்துக் கேட்டார்.

“என்னா தம்பி, பேப்பர்ல ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் வைத்தியம் எழுதுறீங்க. ஒங்க வீட்டுச் சின்னது ஏங் கோழியக் கல்லால அடிக்குது. அதுக்கும் ரெண்டு வரி எழுதுங்களேன்.”

வெட்கமாக இருந்தது. நுவரெலியாவில் நடந்த ஒரு பயிலரங்குக்குச் செய்தி சேகரிக்கப் போய், அங்கே கேட்டதைத்தான் என் பத்தியில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒப்பிடாதீர்கள், ஒரே அளவு நேரம் கொடுங்கள்… எழுதும்போது எல்லாம் தெளிவாக இருந்தது.

அந்த வாரம்தான் முதல் தடவையாக வெட்டினேன். நேர்காணல்களின் ஒலியை வெட்டுவதற்காக என் போனில் ஒரு செயலி இருந்தது. நிரோவின் பதிவை அதில் ஏற்றி, ஒரு நிமிடமாகக் குறைத்தேன். டிலுவின் பதிவை இரண்டு தடவை ஓடவிட்டேன். ஏறக்குறையச் சமம்.

வேலை செய்தது! அதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும், அது வேலை செய்தது. மூன்றாவது சனிக்கிழமை டிலு அக்காவின் மடியில் சாய்ந்து கேட்டாள். ஒரு மாதத்தில் கடிப்பது நின்றது. பரமேஸ்வரி அக்காவின் கோழி நிம்மதியாக மேய்ந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் “எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்” என்று எழுதினேன்.

வெட்டிய பகுதிகளில் அம்மாவின் கேள்விகள் இருந்தன. கேள்வியே காதில் விழாததால் நிரோ பதில் சொல்லவில்லை. செல்வி எனக்கு எழுதினாள்: “நிரோ ஏன் நான் கேக்குறது எதுக்கும் பதில் சொல்றதில்ல? எம்மேல கோவமா?” வளர்கிற பிள்ளை, கூச்சப்படுகிறாள் என்று பதில் எழுதினேன்.

இங்கே நிரோவும் ஒரு தடவை கேட்டாள். “அம்மா ஏம்ப்பா இப்பல்லாம் கொஞ்சமாப் பேசுறாங்க?”

“வேல கூட, நிரோ.”

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவளுடைய பதிலும் குட்டையானது. நான் அதை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு மூடத் தகப்பன் செய்த பிழை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். நிற்கவில்லை.

அந்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினருக்கு வரவேற்பு நடனம். நிரோ ஆறாம் வகுப்பு, டிலு முதலாம் வகுப்பு. இரண்டு பேரையும் நடனத்தில் சேர்த்திருந்தார்கள். டிலு முன்வரிசை நடுவில், கையில் பூத்தட்டு. நிரோ பின்வரிசையில் வலது ஓரம். உயரம் என்பதால் பின்னால் நிறுத்தியதாக டீச்சர் சொன்னாராம். நான் எடுத்த படத்தைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் நிரோவைவிட உயரம். முன்வரிசையில் நின்ற எல்லோரும் சிவப்பு.

டிலு என் நிறம். நிரோ அம்மாவின் நிறம், நல்ல கறுப்பு.

படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இரண்டு பத்தி அகலத்துக்குத்தான் இடம். ஓரங்களை நானே நறுக்கினேன். செய்தியாளன் நறுக்கும்போது மகளைப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்… சொல்லிப் பார்த்திருக்கிறேன். பத்திரிகை வந்ததும் நிரோ அதை நிலத்தில் விரித்து, குனிந்து தேடினாள். முகம் இல்லை. நடனத்தில் உயர்த்திய அவளுடைய இடது கை, வளையல்களோடு, படத்தின் ஓரத்தில் இருந்தது.

“இது என் கைதான்ப்பா,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பதில் பேசும்போது என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன். திங்கட்கிழமை தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்று அதைக் கேட்டேன். எனக்கு உரிமையில்லாத ஒன்றைக் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்டேன்.

“அம்மா, நிரோ பேசுறேன். பேப்பர்ல என் கை மட்டும்தான் வந்திருக்கு. அம்மா… தங்கச்சி மட்டும் எப்படிம்மா வெள்ளையாப் பொறந்தா? நான் ஏன் இப்படிப் பொறந்தேன்? ஸ்கூல்ல கருவாச்சின்னுதான் கூப்புடுறாங்க. டிலுவப் பாத்தா சில நேரம் எனக்குக் கோவம் கோவமா வருது. அவ ஒண்ணும் செய்யல, எனக்குத் தெரியும். கோவிச்சுக்காதீங்கம்மா. சும்மாதான் கேக்குறேன்.”

அனுப்பினேன். அதையாவது நான் வெட்டவில்லை.

அந்த வாரம் முழுவதும் நிரோ பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை, இன்றைக்கு என்ன கிழமை என்று என்னிடம் கேட்டாள். புதன்கிழமை மறுபடியும் கேட்டாள். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கிழமை தெரியாமலா? வியாழக்கிழமை தன் கவுனைத் துவைத்து அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, தலவாக்கலை. மழை. பூண்டுலோயா பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. பின் இருக்கையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தேன். நிரோவுக்கு வந்த பதிவின் நீளம் ஆறு நிமிடம் இருபது விநாடி. செல்வி அதுவரை அனுப்பியவற்றில் நீளமானது அதுதான். அது எனக்கு இன்று மனப்பாடம்.

தொடக்கத்தில், நான் அனுப்பிய பேப்பர் படத்தைப் பார்த்ததாகச் சொல்கிறாள், அழாமல் இருக்கப் பார்க்கிறாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. பிறகு சொல்கிறாள்:

“நிரோ புள்ள, நீ கேட்டத நானும் ஒன் வயசுல கேட்டேன். ஆனா வாய் தொறந்து யார்கிட்டயும் கேக்கல. நீ கேட்டுட்ட. நீ என்னையவிடக் கெட்டிக்காரி. எந் தங்கச்சி, ஒங்க சின்னம்மா, சிவப்பு. வீட்டுக்கு வர்றவங்கல்லாம் அவளத்தான் தூக்குவாங்க. தீபாவளிக்கு அவளுக்கு ரோஸ் கலர்ல சட்ட தச்சாங்க. எனக்கு அந்தக் கலர் எடுக்காதுன்னு பழுப்புல தச்சாங்க. நான் அவ சட்டய எடுத்துட்டுப் போயி தேயில மிலாறுக் குச்சியில மாட்டி இழுத்துக் கிழிச்சேன். காத்துல பறந்து போயிருச்சுன்னு சொன்னேன். இன்னிக்கி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. பொறாம வந்தா நீ கெட்டவ இல்ல புள்ள. எனக்கும் வந்திச்சு.”

இதுவரை ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. வெளியே மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“இன்னொன்னும் சொல்றேன். ஒங்கப்பாவும் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. கேக்கட்டும். என்னையப் பொண்ணு பாக்க வந்தப்போ டீ குடிச்சாரு, வடையும் சாப்பிட்டாரு, பதில் சொல்லி அனுப்புறோம்னு எந்திரிச்சுப் போனாரு. பதினோரு நாள் பதிலே இல்ல. அப்பொறம் ஆள் வந்து, மூத்தவ வேணாம், எளையவளக் குடுப்பீங்களான்னு கேட்டுச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். எங்கப்பா முடியாதுன்னுட்டாரு. அதுக்கப்பொறம்தான் சரின்னு என்னையக் கட்டிக்கிட்டாரு.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் என்னிடம் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உண்மைதான். கேட்டனுப்பியது என் வீட்டார் அல்ல, நான்தான். அதை அவள் அறிவாள் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் என்னோடு ஒரே காம்பராவில் வாழ்ந்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது, கடலுக்கு அப்பால் இருந்து, தன் மகளுக்காகப் பேசுகிறாள். எனக்காகவும்தான்!

“எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்கி ராத்திரி கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தேன். இத நான்தானே வச்சிருக்கேன், எனக்கே புடிக்காட்டி வேற யாருக்குப் புடிக்கப் போவுதுன்னு நெனச்சேன். ஆனா அப்பவும் புடிக்கல. பொய் சொல்ல மாட்டேன். நீ பொறந்தியா… ஆஸ்பத்திரியில ஒன்னையத் தொடைச்சு ஏந் நெஞ்சு மேல படுக்கப் போட்டாங்க. பாக்குறேன், என் தோலு எங்க முடியுது, ஒன் தோலு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. அப்படி ஒரே நெறம். அன்னிக்கித்தான் புள்ள எனக்கு என் நெறம் புடிச்சிச்சு. ஒன்னையப் பாத்துத்தான். நீ ஏன் இப்படிப் பொறந்தேன்னு கேட்டியே. எனக்காகத்தான் அப்படிப் பொறந்த.”

அதற்குப் பிறகு வெறும் மூச்சுச் சத்தம். பிறகு, நன்றாகப் படி, தங்கச்சியைப் பார்த்துக்கொள், வைக்கிறேன்.

பஸ் புறப்பட்டது. தாயின் பதிலை வெட்டத் தொடங்கினேன்.

டிலுவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாளே, அவளுக்கு இதில் என்ன இருக்கிறது, மறுபடியும் அவள் கடிக்கத் தொடங்குவாளே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிடம் என்பது விதி, விதியை இன்று மட்டும் மீறக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணங்கள்! அவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் நிரோவைத் தனியாகக் கூட்டிப்போய், தேயிலை மலை முக்கில் வைத்து அவளுக்கு மட்டும் போட்டுக் காட்டியிருக்கலாமே? அல்லது பெண் பார்த்த கதையை மட்டும் வெட்டிவிட்டு, அந்த ஆஸ்பத்திரிக் கதையையாவது விட்டிருக்கலாமே?

யோசித்தேன். பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் யோசித்தேன். அதை விட்டால், அம்மாவுக்குத் தன் நிறம் அதுவரை ஏன் பிடிக்கவில்லை என்று நிரோ கேட்பாள். அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும். நான் பதில் சொல்லாமல் விட்ட அந்தப் பதினொரு நாளில் வந்து நிற்கும்.

டிலுவுக்காக அல்ல. நான் எனக்காக வெட்டினேன்.

முதல் இருபது விநாடியையும் கடைசி நாற்பது விநாடியையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரியவில்லை. நான் தொழிலில் கெட்டிக்காரன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆறு பத்து. நிரோ பொட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். டிலு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவோடு ஒட்டிக்கொண்டாள். போனைப் பலகைக்கு நடுவில் வைத்தேன்.

“நிரோ புள்ள… படத்தப் பாத்தேன். நல்லாப் படிக்கணும், என்னா? தங்கச்சியப் பாத்துக்க. குளிர்ல நிக்காத. வைக்கிறேன் புள்ள.”

போனின் வெளிச்சம் அணைந்தது. நிரோ குனிந்தபடியே இருந்தாள். இன்னும் ஏதோ வரும் என்று நினைத்திருக்கிறாள். அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிந்தது. நான் எடுக்கவில்லை.

“அவ்வளவுதானாப்பா?”

“அவ்வளவுதான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பல வருடங்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் தேத்தண்ணியை இறக்கிவைத்தாள். பிறகு டிலுவை முன்னால் உட்காரவைத்துத் தலை சீவிவிட்டாள். சீவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“நீ குடுத்து வச்சவடி. அப்பா மாதிரிப் பொறந்துட்ட.”

டிலு சிரித்தாள். என் பத்தியை வாசித்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பொறாமை நீங்கிய இரண்டு சகோதரிகள்.

அதன் பிறகு நிரோ அம்மாவிடம் கேள்வி கேட்கவில்லை. நல்லா இருக்கேன், படிக்கிறேன், டிலு நல்லா இருக்கா, என்று மூன்று வாக்கியம் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும்போது தானாகவே பின்வரிசைக்குப் போனாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடி அவள் உயரத்துக்கு மேலே ஆணியில் தொங்கியது. அவள் வளர்ந்து கண்ணாடி மட்டத்துக்கு வந்தாள். ஒரு நாள் பார்த்தபோது அதை டிலுவின் உயரத்துக்கு அவளே இறக்கி மாட்டியிருந்தாள்.

குவைத்திலிருந்து செல்வி என்னிடம் ஒரு தடவைதான் கேட்டாள். எழுத்தில் கேட்டாள்.

“அன்னைக்கி நான் பேசுனத கேட்டீங்கதானே?”

“கேட்டேன்.”

“நிரோ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல.”

பாருங்கள், இரண்டும் உண்மை. எந்த ஆசிரியரும் அதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. கணவனும் மகளும் முழுவதையும் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் மறுபடியும் அவ்வளவு நீளமாகப் பேசவில்லை. யாருக்கும்.

நிரோவுக்குப் பதின்மூன்று வயதானபோது செல்வி திரும்பி வந்தாள். டிலு ஓடிப்போய் அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போனில் கேட்ட சத்தத்துக்கு ஓர் உடம்பு கிடைத்துவிட்டது. நிரோ பையை வாங்கிக்கொண்டாள். “களப்பா இருக்காம்மா? தண்ணி சுட வச்சிருக்கேன்,” என்றாள். செல்வி அவள் முகத்தைத் தொடக் கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தி, அவள் தோளைத் தட்டினாள்.

அவர்கள் சண்டை போட்டதில்லை. ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். கறிக்கு உப்புப் போதுமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எதற்காகவோ ஏங்குகிற இரண்டு பேர் ஒரே அடுப்பில் சமைப்பதை நான் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்காக ஏங்குகிறார்கள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முழுப் பதிவும் என்னிடம் இருக்கிறது. பழைய போனிலிருந்து எடுத்த மெமரி கார்ட், என் பத்திரிகை அடையாள அட்டையின் உறைக்குள். பழுதாகவில்லை, நன்றாக ஓடுகிறது. சில வெள்ளிக்கிழமைகளில் தலவாக்கலையில் போனில் போட்டுக் கேட்கிறேன். பெண் பார்த்த கதை வரும் இடத்தில் இப்போது எனக்கு அவ்வளவு கூசவில்லை. அதற்குப் பிறகு வரும் இடத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அப்படியானால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். கொடுக்க இரண்டு தடவை கையில் எடுத்தேன். ஒரு தடவை அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மற்றத் தடவை… காரணம் எதுவும் இல்லை. அவளுக்கு என்ன கொடுப்பேன்? அம்மாவின் பதிலையா, அதை ஆறு வருடம் மறைத்துவைத்த அப்பாவையா? ஒன்றை மட்டும் கொடுக்க முடியாது. வெட்டி ஒட்டுவதில் தேர்ந்த என்னாலும் அந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

நான் அந்தப் பத்தியை இப்போது எழுதுவதில்லை. சுவரில் ஒட்டியவர்கள் கழற்றிவிடுங்கள்.

போன சனிக்கிழமை நிரோவை ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். பதினேழு வயது. ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டும். நான் வாசல் பக்க மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்து முடிந்ததும், கணினித் திரையில் வந்த தன் முகத்தை அவள் ஒரு விநாடிதான் பார்த்தாள். பிறகு ஸ்டூடியோக்காரப் பையனிடம் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள்.

“அண்ணே, கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்களேன்.”

“அதெல்லாம் நாங்க எல்லாருக்கும் செய்யிறதுதான் தங்கச்சி,” என்றான் அவன்.

நான் எழுந்திருக்கவில்லை. அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை படங்கள் வந்தன. ஆறு பிரதிகள். அவற்றில் நிரோ டிலுவின் நிறத்தில் இருக்கிறாள்.